பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

அவருக்கு ஒரு பெயரை மட்டும் சொன்னால் போதாது. அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு அரை ஆயுளைக் கழித்தவர். தகப்பன் பெயரின் முதல் எழுத்து, அதற்குப் பிறகு ஒரு புள்ளி, அதற்குப் பிறகுதான் பிள்ளை. இந்த ஒழுங்கு மாறினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மெல்பனுக்கு வந்தும் மனிதர் திருந்தவில்லை. ட்ராமில் டிக்கெட் கிழிப்பவரிடம் பெயர் கேட்பார். அவர் ‘கெவின்’ என்றால், “யாருடைய மகன்?” என்று அடுத்த கேள்வி வரும். ஊரில் ‘நீ ஆற்றை பிள்ளை?’ என்று வாசலில் நின்று கேட்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுவிடுவார். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். ஒருவர் மட்டும் தன் தகப்பனைப் பற்றி எட்டு ட்ராம் தரிப்புத் தூரம் கதைத்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்து மானம் போய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் தமிழ் வீடு இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது, மற்றது அவருடைய தம்பியுடையது. மனைவி செத்த பிறகு தம்பி கூப்பிட்டு வந்தவர் அவர். பிள்ளைகள் இல்லை. நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது ‘வி’யில் தொடங்கும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் பெயர்க் குழப்பம் ஏற்கெனவே இருந்தது. என் கணவர் மு. சிவபாலன். முருகேசு என்பது என் மாமனார். தொழிற்சாலையில் படிவம் நிரப்பியவர்கள் முருகேசுவை முதற்பெயராக்கி, அதையும் சுருக்கி ‘மரே’ ஆக்கிவிட்டார்கள். தொலைபேசி அடிக்கும். “மரே இருக்கிறாரா?” என்பார்கள். ஒரு நாள் எரிச்சலில், அவர் செத்து ஏழு வருடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த நாள் தொழிற்சாலையிலிருந்து மலர்க்கொத்தோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அண்ணைக்கு இந்தக் கதையைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“தேப்பனைக் கூப்பிட மகன் வாறான். இவங்கள் என்ன கணக்கிலை பதியிறாங்கள்?” என்று தலையில் கை வைத்தார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெயர் எழுத வைத்தது என் மகன் ரவியின் வேலை. ஹாக்கி என்றால் புல்லில் ஓடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கார்ல் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய ஐஸ் ரிங்க். காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் வட்டு ஒன்றைத் தடியால் அடித்துத் துரத்துகிற விளையாட்டு. பெரியவர்கள் வருவதற்கு முன்னால், ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் பிள்ளைகளுக்கு இடம் தருவார்கள். பச்சைச் சட்டைகள், அவையும் ஏதோ பெரியவர்கள் அணி போட்டுக் கழித்தவை. சட்டைக்குள் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பயிற்சியாளர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கிகள் வந்த வருடம் ஓடி வந்தவர், இங்கே குழாய் வேலை செய்தார். பிள்ளைகளும் அப்படித்தான். பின்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ஒரு யாழ்ப்பாணம்.

நான் ஹோல்டன் காரை ஓட்டிப் போவேன். தம்பி வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரம் அண்ணை தனியாக விழித்திருப்பாரே என்று ஒரு ஞாயிறு அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆட்டக் குறிப்பு எழுதுபவர் வரவில்லை. “கையெழுத்து ஒழுங்காக உள்ளவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார் கோச். குரங்குத் தொப்பி, ஓவர்கோட், இரண்டு சோடிக் காலுறையோடு அண்ணை எழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம் குறிப்பு எழுதுகிற கண்ணாடிக் கூண்டை விட்டு அவர் இறங்கவில்லை.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையாகக் கூண்டுக்குக் கூப்பிட்டு, “நீ யாருடைய மகன்?” என்று கேட்டார். கார்ல், பீட்டரின் மகன். ஆகவே பி. கார்ல். மிக்காவின் தகப்பன் ஓலவி. ஆகவே ஓ. மிக்கா. என் மகன் எஸ். ரவி. வெபர், நியெமி என்ற குடும்பப் பெயர்களெல்லாம் அவருக்குக் காதில் ஏறவில்லை. அவை வீட்டுப் பெயர், ஆளின் பெயர் இல்லை என்றார். பதிவேட்டு எழுத்தில், அச்சுப் போட்டது போல எழுதினார். யாரும் பார்க்கவில்லை. ஆட்ட முடிவை ஐஸ் ஹாக்கிச் சங்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள், தாள்கள் ரிங்க் அலமாரியில் கிடக்கும். நடுவர் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். அவர் இப்படி எழுதுவது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் முறைதானே என்று எனக்கும் அதில் பிழை தெரியவில்லை.

கோல் விழுந்தால் ஒலிபெருக்கியில் சொல்வதும் அவர்தான். “கோல். பி. கார்ல்.” கார்லின் தகப்பன் கார்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நேராக ரிங்குக்கு வந்து பெஞ்சில் தூங்குகிறவர், ஒரு வார்த்தை பேசாதவர். ஒரு நாள் கூண்டுக்கு வந்து, “அந்த பி என்ன?” என்று கேட்டார்.

“நீங்கள்,” என்றார் அண்ணை.

மனிதர் தாளில் அந்த எழுத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு தலை சீவி, சவரம் செய்து, முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மற்றத் தகப்பன்மாரும் தங்கள் எழுத்து எப்போது வரும் என்று காது கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ரிங்கில் அந்த இரண்டு பனிக்காலமும் தகப்பன்மார் வரவு குறையவில்லை. அதைப் பார்க்க எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது.

டனி பிரைஸ் இரண்டாவது பனிக்காலம் தொடங்கிச் சில வாரத்தில் வந்து சேர்ந்தவன். பன்னிரண்டு வயது, ரவியின் வயது. அவன் ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதி ஒன்றிலிருந்து வந்தான். போகிற வழி என்பதால் என் காரிலேயே ஏற்றிப் போவேன். விடுதி வாசலில், மழையென்றாலும் வெளியே வந்து நின்றுகொண்டிருப்பான். முதல் நாள் அண்ணை வழக்கம்போலக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கண் காட்டியும் அவர் கவனிக்கவில்லை.

“யாருடையவனும் இல்லை,” என்றான் டனி.

அண்ணை பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு ஆட்டத்துக்கு ‘டனி’ என்று மட்டும் எழுதினார். முன்னால் இடம் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்ரீயை ஆறவிட்டுக்கொண்டு ஒரு நாள் சொன்னார்.

“தங்கச்சி, கச்சேரியிலை தேப்பன் பேர்க் கட்டம் வெறுமையா வாற துண்டுகளை நான் பதிஞ்சிருக்கிறன். அந்தப் பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை படுற பாடும் எனக்குத் தெரியும். நான் ஒண்டும் செய்யேல்லை. சட்டம் எண்டு போட்டு இருந்திட்டன்.”

மூன்றாவது வாரம் டனியைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். “உனக்கென்று ஓர் எழுத்துக் கிடைக்கும்வரை என்னுடையதைப் போட்டுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். அவர் அனுமதி கேட்ட விதம் ஒரு பெரிய மனிதனிடம் கேட்பது போல இருந்தது.

“உங்களுடையது என்ன?”

“வி.”

டனி தோளைக் குலுக்கினான். “போடுங்கள்.”

அன்றைக்கு அவன் கோல் போடவில்லை. அடுத்த வாரம் போட்டான். “கோல். வி. டனி,” என்று ஒலிபெருக்கி சொன்னபோது, தோழர்கள் வந்து கட்டிப் பிடிக்க முன்னால் அவன் கூண்டைத்தான் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு கோலுக்கும் அப்படித்தான். அந்த வி என்ன என்று விடுதியில் யாரோ கேட்டார்களாம். ‘அது வீட்டு விஷயம்’ என்றானாம். காரில் ரவியிடம் சொன்னான், முன்னால் நாங்கள் இருவரும் கேட்காததுபோல இருந்தோம். அண்ணை மூக்கைச் சீறுவதற்குக் கைக்குட்டையை எடுத்தார்.

இரண்டாவது பனிக்காலம் முடியும்போது ரிங்க் விற்கப்பட்டது. வாங்கியவர் அதைத் தளபாடக் கிடங்காக்கப் போவதாகச் சொன்னார்கள். கோச் ஊரெல்லாம் அலைந்து, கிழக்கே மலையடிவாரப் பக்கம், பேஸ்வோட்டரில் ஒரு புதிய ரிங்கில் இடம் பிடித்தார். ஆனால் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. வேறு ரிங்குக்கு மாறுகிற அணி போட்டியில் தன் இடத்தையும் கொண்டுபோக வேண்டுமென்றால், போன பருவத்தில் பாதி ஆட்டமாவது ஆடிய பத்துப் பிள்ளைகளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அணி கலைந்ததாக அர்த்தம், புதிய அணிகளுக்கு இடமும் இல்லை. சில பெற்றோர் அவ்வளவு தூரம் முடியாது என்று விலகிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்துப் பேர். பத்தாவது டனி.

ரிச்மண்டில் ஒரு மண்டபத்தின் மாடியில் சங்கக் கூட்டம் நடந்தது. சனிக்கிழமை பின்னேரம். பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பத்துப் பேரும் தலை சீவி வரிசையாக நின்றார்கள். செயலாளர் தன்மையான மனிதர், மூக்குக் கண்ணாடிக்காரர். ஒரு பக்கம் பிள்ளைகளின் பதிவு அட்டைகள், மறுபக்கம் அண்ணையின் தாள்கள். புரட்டினார், மறுபடி புரட்டினார்.

“மன்னிக்க வேண்டும், இந்தப் பெயர்களில் யாருமே என்னிடம் பதிவாகவில்லையே.”

கோச் தாளை எட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாகக் கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்த மனிதர், அன்றைக்குத்தான் பெயர்களை வாசித்தார். அவர் முகம் வெளுத்துப் போனது. எழுதும்போதே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அண்ணை எழுந்து விளக்கம் சொன்னார். எங்கள் நாட்டில் முதல் எழுத்து தகப்பனுடையது என்று நிதானமாக, சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். செயலாளர் ஆர்வமாகக் கேட்டார். பதிவு அட்டைகளில் பெற்றோர் கையெழுத்து இருந்தது. பீட்டர் வெபர் கையெழுத்திட்ட அட்டை கார்லுடையது, ஆகவே பி. கார்ல் அவனேதான். ஓலவி நியெமி, ஓ. மிக்கா. ஒவ்வொன்றாகப் பொருந்தியது. செயலாளர் சிரிக்கவும் தொடங்கிவிட்டார். ஒன்பது பேர் முடிந்தது.

“வி. டனி,” என்றார். அட்டையைப் பார்த்தார். அதில் விடுதிப் பொறுப்பாளரின் கையெழுத்து, பெயர் ஹெரல்ட். “இந்த வி யார்?”

அண்ணை பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். வயது கூடிய பையன்களை இன்னொருவன் பெயரில் ஆட வைத்த அணிகள் உண்டு என்றும், அதனால் கேட்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். தெரிந்தே இல்லாத தகப்பனை எழுதியிருந்தால் அந்தத் தாள்கள் செல்லாது. கை தவறி விழுந்த எழுத்தென்றால் இப்போதே திருத்திக்கொள்ளலாம். “கை தவறியதுதானே?” என்று அவரே எடுத்தும் கொடுத்தார். நல்ல மனிதர். உதவி செய்யத்தான் பார்த்தார்.

அண்ணை மேசையில் கை ஊன்றி நின்றார். சுவரோரம் டனி நின்றான், அவரைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

“அண்ணை, கை பிழைச்சுப் போச்செண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே,” என்றேன் அவர் காதருகே போய், தமிழில்.

“பதினொரு தரமோ கை பிழைக்கிறது?”

“அவருக்குத் தெரியாதே? அவரே வழி விடுறார். சொல்லிப்போட்டு வாங்கோ.”

“பிள்ளை நிக்கிறான், தங்கச்சி,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“அவனுக்கும் சேர்த்துத்தானே சொல்லுறன். நீங்கள் சொல்லாட்டி அவனுக்கு எங்கை விளையாட்டு? இந்தப் பத்துப் பேருக்கும் எங்கை?”

என் மகனும் அந்தப் பத்தில் ஒருவன். அதையும் நினைத்துத்தான் சொன்னேன். இப்போது மறைத்து என்ன பயன்?

அண்ணை செயலாளரிடம் திரும்பினார். “அது ஒரு பிழை,” என்றார் ஆங்கிலத்தில். “என் பிழை. அந்த எழுத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லை.”

கடைசி வாக்கியத்தை நான் சொல்லச் சொல்லவில்லை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர்.

செயலாளர் பதினொரு தாள்களையும் அவர் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் ‘வி. டனி’யை அடித்து, மேலே ‘டி. பிரைஸ்’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணை அளவுகோல் கேட்டு வாங்கினார். கோடு வளையாமல் அடித்தார். அடித்த ‘வி’தான் அவருடைய சுருக்கக் கையெழுத்திலும் இருந்தது. பதினொரு தரம் அதை அடித்து, பதினொரு தரம் அதைப் பக்கத்தில் எழுதினார். அறையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. பதினொன்று முடியும்வரை டனி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அணிக்கு அனுமதி கிடைத்தது. கோச் என் கையைப் பிடித்துக் குலுக்கி அழுதார். பையன்கள் படியில் குதித்து இறங்கினார்கள்.

காரில் அண்ணை முன்னால், டனியும் ரவியும் பின்னால். விடுதி வாசலில் கார் நின்றதும் அண்ணை சிரமப்பட்டுத் திரும்பி, “டனி, மகனே...” என்று தொடங்கினார்.

“பரவாயில்லை, மேட்,” என்றான் டனி. கதவைத் திறந்து இறங்கிப் போனான். ‘மேட்’ என்பது இங்கே தெருவில் போகிற யாரையும் கூப்பிடுகிற சொல், அதுவரை அவன் அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டவன்.

நான் சொல்லித்தான் அப்படிச் சொன்னார் என்பதை அண்ணை அவனிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. என்னையும் ஒரு சொல் கடியவில்லை. பேஸ்வோட்டருக்கு வரமாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு காலையில் ரயில் இல்லை என்று காரணம் சொன்னார். என் காரில் இடம் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த வருடம் தம்பி குடும்பத்துக்கு சிட்னியில் வேலை மாற்றம் வர, அவர்களோடு போய்விட்டார். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கடிதம் வரும். பி. கார்ல் உயர்ந்துவிட்டானா, ஓ. மிக்காவின் முழங்கால் எப்படி, எஸ். ரவி படிக்கிறானா என்று கேட்டிருப்பார். ஒன்பது பெயர் இருக்கும். நான் பதில் எழுதும்போது பத்தாவது பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவேன். அதற்கு அவர் பதில் எழுதியதில்லை. நாலாவது பொங்கல் வரை அவர் இருக்கவில்லை. தம்பிதான் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

பேஸ்வோட்டரில் குறிப்பு எழுதியது நான். கே. வெபர், எம். நியெமி, ஆர். சிவபாலன் என்று இந்த நாட்டு முறையில் எழுதினேன். ஒருவரும் கூண்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. டனி நன்றாக ஆடினான், எல்லோரையும் விடக் கோல் போட்டான். கோல் போட்டால் நேரே போய் வரிசையில் நின்றுகொள்வான். கூண்டுப் பக்கம் பார்ப்பதில்லை.

நாலு பனிக்காலம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் என் காரின் பின் இருக்கையில் இருந்தான். நாற்பது நிமிடப் பயணம். சொல்ல வேண்டும் என்று எத்தனை தரம் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பதினாறு முடிந்து, அவன் விடுதியை விட்டுத் தூரத்தில் மரம் அறுக்கிற மரக்காலை ஒன்றுக்கு வேலைக்குப் போக இருந்தான். கடைசி ஞாயிறு, ரவி காய்ச்சலில் படுத்திருந்தான். அண்ணையின் சாவுச் செய்தி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, அதை அவனிடமும் சொல்லியிருந்தேன். விடுதி வாசலில் கார் நின்றது. இறங்காமல் இருந்தான்.

“அது பிழை என்றால் என்னிடம் ஏன் கேட்டுவிட்டு எழுதினார்?” என்றான்.

அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தைகளின் அர்த்தமும், அதை அவர் வாயில் போட்டது யார் என்பதும் உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவனுக்குத் தமிழ் தெரியாது.

“எனக்குத் தெரியாது, டனி,” என்றேன்.

அவன் தலையாட்டினான். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனான்.